அஞ்சாம் நடை

— காப்பி வேணும்னா நீங்களே கலந்துக்கோங்கோ. பால் அடுப்புல இருக்கு.

— நானா? நோக்கு என்ன ஆச்சு மங்கலம்? ரெண்டாம் சனியாக்கும், ஆபீஸ் இல்லே, நடந்துட்டு வந்து ஆத்துல நிம்மதியா ஒரு காப்பி குடிக்கலாம்னு பாத்தா, நீ அடுக்களை வாசல்ல நிலையோட சாஞ்சு உட்கார்ந்துண்டு...

— ஏன், நான் உட்காரப்படாதா? இந்த ஆத்துல உட்கார்றதுக்கு லைசன்ஸ் உங்க ஈசிச்சேருக்கு மட்டும்தானா?

— உட்காரு, உட்காரு. யார் வேண்டாம்னா? பாத்ததில்லையேன்னு சொன்னேன்.

— எங்கேர்ந்து நடந்து வரேள்?

— இதென்ன புதுசா ஒரு சோத்தியம்? நடைக்குப் போயிட்டு வரேன். தினம் போறதாக்குமே.

— எந்த நடை?

— நடைன்னா நடைதான். அதுல என்ன எந்த நடை?

— பத்மநாபஸ்வாமிக்குக் கிழக்கே ஒரு நடை, மேக்கே ஒரு நடை, வடக்கே, தெக்கேன்னு நாலு வாசல் நடை. மனுஷர் டாக்டர் சொன்னபடி நடக்கறார், அப்படியே ஏதோ ஒரு நடையில நின்னு பெருமாளையும் தொழுதுட்டு வரார்னு நான் இத்தனை நாளா நம்பிண்டிருந்தேன். உங்களுக்குன்னு தனியா அஞ்சாம் நடை ஒண்ணு இருக்குன்னு எனக்கு யாரும் சொல்லலை.

— அஞ்சாம் நடையா?

— மணக்காட்டுல. லீலாபாய் ஆத்து வாசல் நடை.

— பால் பொங்கறது பாரு.

— பொங்கட்டும். நானும்தான் பொங்கறேன். போய் அணையுங்கோ.

— இதுல எந்தப் பக்கம் திருகணும்?

— பேஷ்! மகளுக்குக் கல்யாணம் பண்ணிக் குடுத்தாச்சு, கேஸை எந்தப் பக்கம் திருகினா அணையும்னு தெரியலை. அந்த லீலாபாய் ஆத்துல மோட்டாரை எந்தப் பக்கம் திருகினா தண்ணி வரும்னு தெரிஞ்சிருக்கு.

— அணைஞ்சுடுத்து. பாதிப் பால் மேடையில. மோட்டார் கதையெல்லாம் நோக்கு யார் சொன்னா?

— அடுத்தாத்து வாலாம்பாள்.

— அந்த வாலாம்பாளுக்கு வேற ஜோலி இல்லே.

— அவ மேல பாயாதேங்கோ. போனேளா இல்லையா? அதைச் சொல்லுங்கோ.

— போனேன்.

— தினமுமா?

— அநேகமா. கேட்டியோ, இதுல மறைக்க ஒண்ணும் இல்லே. லீலாபாய் யாரு? எங்க செக்‌ஷன்ல டைப்பிஸ்டா இருந்தவ. ஹார்ட்டுல பெரிய ஆபரேஷன் ஆகி, வேலையை விட்டுட்டு, ஆத்துல ஆந்தூரியம் பூச்செடி வளத்து விக்கறா. இப்போ திருவனந்தபுரத்துல எந்த வீட்டுல இல்லே ஆந்தூரியம்? நேக்கும் அவளுக்கும் ஒரே டாக்டர். என்னைவிட மூத்தவ. அக்கா மாதிரியாக்கும்.

— அக்கா மாதிரி! எல்லாரும் முதல்ல அக்கா மாதிரிதான்.

— சீ, என்ன பேச்சு இது?

— அந்த அக்காவுக்கு அத்தனை முடி எதுக்கு? குளிச்சுட்டு அவுத்து விட்டுண்டு, நுனியில ஒரு முடிச்சு, காதோரம் துளசி. தாலி கட்டிண்ட நான் எண்ணெயைத் தேச்சுக் கொண்டை போட்டுண்டு நிக்கறேன்.

— இங்கே எல்லாரும் அப்படித்தானே முடி கட்டறா? நோக்கு இன்னும் பொறந்தாத்துக் கல்லிடைக்குறிச்சிக் கண்ணு.

— என் கண்ணுக்கு ஒரு குறையும் இல்லே. மேடையைத் துடைங்கோ, எறும்பு வரும். அந்தத் துணி இல்லே, அது சொம்பு துடைக்கறது. கீழே தொங்கறது பாருங்கோ, அழுக்கா ஒண்ணு.

— இதுவா? செரி. இன்னிக்கு என்ன, எனக்குத் தண்டனையா?

— அங்கே பண்றதைக் கொஞ்சம் இங்கேயும் பண்ணுங்கோ. அங்கே என்னெல்லாம் பண்றேள்? சொல்லுங்கோ, நானும் தெரிஞ்சுக்கறேன்.

— செடிக்குத் தண்ணி விடுவேன். சட்டியை வெயில்லேர்ந்து நிழலுக்கு மாத்தி வெப்பேன். தேங்காய் நார் பிச்சுப் போடுவேன். அவ்வளவாக்கும்.

— இந்த ஆத்துக் கொல்லையில ஒரு துளசி இருக்கு. அதுக்கு இன்னி வரைக்கும் உங்க கையால ஒரு சொம்புத் தண்ணி விட்டது உண்டா?

— இல்லே.

— பொண்ணு ஜானவிக்குப் பிரசவமாகி இங்கே கிடந்தப்போ, நான் ஒருத்தி ராத்திரி பகல்னு பாக்காம ஓடினேனே, அப்போ ஒரு வாளி வெந்நீர் தூக்கினது உண்டா?

— இல்லே.

— அவளுக்குத் தூக்கறேள்.

— மங்கலம், நீ கொறச்சு நான் சொல்றதைக் கேளு. போன எடவப்பாதி மழையில எனக்கு என்ன ஆச்சு? ஓர்மை இருக்கோ? ஆபீஸ் மாடிப்படி ஏறறேன், தாடையை ஆரோ கிள்ளற மாதிரி ஒரு வேதனை. குப்புனு வேர்த்தது. வாய்வாக்கும்னு நினைச்சு, கான்டீன்ல மோரும் பெருங்காயமும் கேட்டு வாங்கிக் குடிச்சுட்டு நாற்காலியில உட்கார்ந்துட்டேன். இன்னும் கொஞ்சம் உட்கார்ந்திருந்தா உட்கார்ந்தபடியே போயிருப்பேன்னார் டாக்டர்.

— அதை ஏன் இப்போ சொல்றேள்? அன்னிக்கு ஐசியூ வாசல்ல பச்சைத் தண்ணி குடிக்காம நின்னவ நானா, லீலாபாயா?

— நீதான். நான் மறக்கலை. ஆனா அந்த டாக்டர் ரெண்டு காரியம் சொன்னார். நீ கேட்டது ஒண்ணு மட்டும். காலைல நடக்கணும்னார், அதை நீ பிடிச்சுண்டே. ஷூ வாங்கிக் குடுத்தே. ரெண்டாவதா அவர் என்ன சொன்னார்? காலைல அரை மணி நடந்துட்டு, மீதிப் பகல் பூரா அரச மரத்தடிப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தா நடந்ததெல்லாம் வீண்னார். ஆபீஸ்லயும் இருப்பு, ஆத்துலயும் இருப்பு, அதாக்கும் ஓய் உம்ம வியாதின்னார். அப்பப்போ எழுந்திருக்கணும். பெரிசா ஒண்ணும் வேண்டாம், சின்னச் சின்ன வேலை போதும். துணி உணத்து, செடிக்குத் தண்ணி விடு, கடைக்குப் போ...

— அதை என்கிட்ட ஏன் சொல்லலை?

— சொன்னேனே! மறுநாள் காலம்பறமே கிணத்தண்டை போய் வாளியை எடுத்தேன். நீ அடுக்களையிலேர்ந்து ஓடி வந்தே. என்ன சொன்னே?

— என்ன சொன்னேன்?

— "என் கை ஒடிஞ்சா போச்சு? எதிராத்துல பாத்தா என்ன நினைப்பா? போய் உட்காருங்கோ"ன்னே. கயத்தைப் பிடுங்கிண்டே. செரின்னு உள்ளே வந்து என் வேஷ்டியைக் கொடியில போடலாம்னு எடுத்தேன். அதையும் பிடுங்கினே. "இதெல்லாம் உங்களுக்கு எதுக்கு, உட்காருங்கோ." காய் நறுக்கட்டான்னு கேட்டேன். "விரலை நறுக்கிண்டு எனக்கு வேலை வெக்காதேங்கோ, உட்காருங்கோ." டிவிக்குச் சேனல் மாத்த எழுந்தாக்கூட நீ கை துடைச்சுண்டே ஓடி வரே, "நீங்க உட்காருங்கோ." இந்த ஆத்துல நான் அதிகம் கேட்ட வார்த்தை அதாக்கும்.

— அது தப்பா?

— தப்புன்னு சொல்லலை.

— சொல்றேள். நான் இந்த ஆத்துக்குள்ளே கால் வெச்ச அன்னிக்கே உங்க அம்மா என்னைக் கூப்பிட்டு உட்கார வெச்சுச் சொன்னா. "புருஷன் தானே மொண்டு தண்ணி குடிக்கற ஆத்துல பொண்டாட்டி இருந்தா என்ன, இல்லாட்டா என்ன"ன்னா. அன்னிலேர்ந்து நீங்க ஒரு டம்ளர் தானா மொண்டு குடிச்சிருக்கேளா? எனக்குக் கொஞ்சிப் பேசத் தெரியாது. சிரிக்க வெக்கத் தெரியாது. உட்காருங்கோன்னு சொல்லிட்டு ஓடத் தெரியும். எனக்குத் தெரிஞ்ச பிரியம் அது ஒண்ணுதான்.

— அந்தப் பிரியம்தான் என் ஹார்ட்டைப் பிடிச்சு உட்கார வெச்சுடுத்துன்னு...

— டாக்டர் சொன்னாரா?

— இல்லே.

— பின்னே?

— லீலாபாய் ஒரு பேச்சுக்குச் சொன்னா.

— பேஷ். ரொம்ப பேஷ். என் ஆத்துப் பிரியத்தைக் கொண்டு போய் அவ வாசல்ல போட்டு, அது விஷம்னு அவ வாயால கேட்டுண்டு வந்திருக்கேள்.

— விஷம்னெல்லாம் சொல்லலை. விளையாட்டாச் சொன்னா.

— எனக்கு எரியறது. நெஞ்செல்லாம் எரியறது.

— அது வயத்தெரிச்சலாக்கும். அதுக்கு எந்தக் கடையிலும் மருந்து கிடைக்காது.

— ஆமா, வயத்தெரிச்சல்தான். நன்னா இருக்கட்டும். எனக்கு இல்லாம எதிராத்து மாமிக்கா இருக்கும்? சர்க்கரை டப்பாவைத் தொடாதேங்கோ, உங்களுக்கு ஆகாது. டிகாக்‌ஷன் அந்தப் பித்தளை ஃபில்டர்ல இருக்கு. கீழ்ப் பாதி. மேலே இருக்கறது சக்கை.

— தெரியும், தெரியும்.

— அவ என்ன குடுப்பா குடிக்க?

— ஒண்ணும் குடுக்க மாட்டா. தாகம்னா பைப்புல பிடிச்சுக் குடிக்கணும். கேட்டியோ மங்கலம், அந்த ஆத்து வராந்தாவுல ஒரு நாற்காலி கிடையாது. வந்தவாளை உட்காரச் சொல்ற வழக்கமே அவளுக்கு இல்லே. தபால்காரன் வந்தாலும் ரெண்டு சட்டி நகத்தி வெச்சுட்டுத்தான் போகணும்.

— நாற்காலி போடாதவகிட்ட தினம் ஓடறேள். தடுக்கு, நாற்காலி, ஈசிச்சேர்னு போட்டவகிட்ட வாயைத் திறக்க மாட்டேங்கறேள்.

— நான் எங்கே வாயைத் திறக்கலை?

— எப்போ திறந்தேள்? சோத்துக்குத் திறப்பேள். அப்புறம் பேப்பர், அப்புறம் கிரிக்கெட். அங்கே போய்ச் சிரிக்கறேளாம். பல் அத்தனையும் தெரியச் சிரிக்கறேளாம். உங்களுக்குக் கடைவாயில ஒரு பல் போயாச்சுங்கறதே எனக்கு இன்னிக்குத்தான் தெரியும்.

— இதையும் வாலாம்பாள்தான் சொன்னாளோ?

— ஆமா.

— எப்போ சொன்னா?

— இன்னிக்கு. கொஞ்சம் முன்னாடி. பூ பறிக்க அந்தப் பக்கம் போனாளாம், பாத்தாளாம், வந்து சொன்னா.

— இன்னிக்குக் காலம்பறயா?

— ஆமான்னா ஆமா. எத்தனை தரம் கேப்பேள்?

— வாலாம்பாள் புதன்கிழமையே பாலக்காட்டுக்கு மகள் ஆத்துக்குப் போயாச்சு. தம்பானூர்ல நானாக்கும் அவளை வண்டி ஏத்தி விட்டேன்.

— அவளையும் ஏத்தி விட்டாச்சா! இந்த ஸ்ரீவராகத்துல இன்னும் எத்தனை பொம்மனாட்டிக்கு நீங்க பெட்டி தூக்கியிருக்கேள்?

— பேச்சை மாத்தாதே. யார் பாத்தா?

— யாரோ பாத்தா.

— மங்கலம்.

— நான்தான்.

— நீயா? மணக்காடு வரைக்குமா? நீ தெரு முக்கு தாண்டித் தனியாப் போனதில்லையே. கோவிலுக்கே என்னையோ எதிராத்து மாமியையோ இழுத்துண்டுதானே போவே?

— இன்னிக்குப் போனேன். நீங்க வாசல் கேட்டைச் சாத்தினதும் பின்னாடியே வந்தேன். நீங்க திரும்பிப் பாத்திருந்தா பால்காரனைத் தேடி வந்தேன்னு சொல்லியிருப்பேன். நீங்க எங்கே திரும்பினேள்? கல்யாண மாப்பிள்ளை மாதிரி அத்தனை வேகம்.

— பாத்தியா, என் நடை தேறியிருக்கு!

— சிரிக்காதேங்கோ. எனக்கு இப்போ உங்க சிரிப்பைப் பாத்தா பத்திண்டு வரது. அந்த மதிலோரமா நின்னு பாத்தேன். சட்டையைக் கழட்டிக் கொய்யா மரத்துல மாட்டியிருந்தேள். தலையில துண்டு. முழங்கால் வரைக்கும் ஈரம். அவ உள்ளேர்ந்து கூப்பிட்டா, "சேஷன் சாரே, ஆ சட்டி இங்கோட்டு எடுத்தோ." கேட்டேளா? உங்க பேரை இப்போதான் முதல் முதலா என் வாயால சொல்றேன், அதுவும் அவ சொன்னதைச் சொல்றதுக்காக. நான் ஒரு நாள் சொல்லாத பேரு. சாமிக்கு அர்ச்சனை பண்ணினாக்கூட "ஆத்துக்காரர்"னுதான் சொல்லி, குருக்கள் கேலி பண்ணுவார். அவ அதை முற்றம் பூரா கேக்க விளிக்கறா.

— ஆபீஸ்ல எல்லாரும் அப்படித்தான் விளிப்பா. நீயும் விளி, நானா வேண்டாம்னேன்?

— நீங்க அந்தச் சட்டியைத் தூக்கினேள். ரெண்டு கையாலயும் நெஞ்சோட அணைச்சு. "குழந்தையைத் தூக்கற மாதிரி தூக்கறாரே சாரு"ன்னா. நீங்க சிரிச்சேள். ஜானவி பொறந்தப்போ, கழுத்து நிக்கலைன்னு சொல்லிக் கையில வாங்கவே மாட்டேன்னு நின்னேள். அந்தச் சட்டிக்குக் கழுத்து நின்னிருந்துதா?

— நீ உள்ளே வந்திருக்கலாமே, மங்கலம். அவ சந்தோஷப்பட்டிருப்பா.

— வந்து? எனக்கும் ஒரு சட்டி குடுங்கோன்னு கேக்கவா?

— பின்னே என்ன பண்ணினே?

— திரும்பினேன். அத்தனை வேகமா நான் ஜென்மத்துல நடந்ததில்லே. நீங்க எனக்கு முன்னாடி ஆத்துக்கு வந்துடப்படாதேன்னு ஒரு பக்கம். உங்களைத் திரும்பிப் பாக்கப்படாதுன்னு ஒரு பக்கம். வழி பூரா எரிஞ்சுண்டே வந்தேன். கோவில் குளத்தங்கரையில நின்னு நின்னு மூச்சு வாங்கினேன். யாரோ ஒருத்தி, "மாமி, நடை திறக்க இன்னும் நேரம் இருக்கே"ங்கறா. எனக்கு அழுகையா வந்துது. ஆத்துக்கு வந்து பாலை அடுப்புல வெச்சேன், இங்கே உட்கார்ந்தேன். அப்புறம் நீங்க வந்தேள்.

— நான் ஒண்ணு சொன்னா நம்புவியா?

— சொல்லுங்கோ. நம்பறதும் நம்பாததும் என் இஷ்டம்.

— அங்கே எனக்குப் பிடிச்சது லீலாபாய் இல்லே. ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்த நாள் தொட்டு எல்லாரும் என்னை ஒரு கண்ணாடிப் பாத்திரம் மாதிரி ஒரு மூலையில எடுத்து வெச்சாச்சு. ஆபீஸ்ல ஃபைலைத் தூக்க விடமாட்டா. ஆத்துல நீ விடமாட்டே. இவ ஒருத்திதான், "சாரே, இதைச் செய்யும்"னு சொன்னா. செய்ய முடிஞ்சுது. அந்த சந்தோஷத்துல சிரிச்சேனாக்கும். அந்த சிரிப்பு அவளைப் பாத்து இல்லே.

— அதை எனக்குத் தந்திருக்கலாமே. அந்த ஒரு சிரிப்பை.

— நீ "உட்காருங்கோ"ன்னுட்டியே.

— ஆமா. என் வாயாலதான் சொன்னேன்.

— அழாதே. நாளைலேர்ந்து நான் மணக்காட்டுக்குப் போகலை. இங்கேயே செய்யறேன். கிணத்துல நான் தண்ணி இறைக்கறேன், துளசிக்கு நான் விடறேன், கொடியில துணி நான் போடறேன். விடுவியா?

— விடறேன்.

— எதிராத்து மாமி பாப்பாளே?

— பாக்கட்டும்.

— புருஷன் தானே மொண்டு குடிக்கப்படாதுன்னு அம்மா சொன்னாளே?

— அம்மா போயாச்சு. எனக்கு... பேச முடியலை. நீங்க பேசுங்கோ.

— இதாக்கும் என் மங்கலம்! இந்தா பாரு, நுரை வந்திருக்கு! கல்யாணத்துக்கு அப்புறம் நான் கலந்த முதல் காப்பி. நோக்குத்தான் முதல்ல. இந்தா, வாங்கு.

— கீழே வெச்சுடுங்கோ. இப்போ இறங்காது.

— இன்னும் கோபம் போகலையா? லீலாபாய்கிட்ட ஃபோன் பண்ணி இனிமே வரலைன்னு சொல்லிடட்டுமா?

— இப்போ அவ பேரை எடுக்காதேங்கோ.

— செரி, எடுக்கலை. ஏன் இப்படி வேர்த்திருக்கு? ஜாக்கெட்டெல்லாம் நனைஞ்சிருக்கே. ஃபேனைப் போடட்டுமா... அட, ஓடிண்டுதான் இருக்கு. அந்தக் கையை ஏன் அப்படிப் பிசைஞ்சுண்டிருக்கே?

— சும்மாதான். வாய்வா இருக்கும். வர வழியிலேர்ந்தே குடையறது.

— எங்கே, குடு பாப்பம். என்னடீ இது, ஐஸ் மாதிரி இருக்கு கை? மங்கலம்? மங்கலம், கோபிச்சுண்டதெல்லாம் மதி, போதும், கேட்டியோ. எழுந்திரு. என் கையைப் பிடிச்சுண்டு எழுந்திரு, ஈசிச்சேர்ல வந்து உட்காரு.

— என்னால எழுந்திருக்க முடிஞ்சிருந்தா, உங்களை அந்த அடுப்பண்டை விட்டிருப்பேனா?